கழுவிய கற்கள்

எங்கள் வீட்டில் "இவர்" என்றால் இப்போதைய புருஷன். "அவர்" என்றால் முந்தையவர். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது, அதனால் ஆள் மாறியபோது வாய் பெரிதாகக் கஷ்டப்படவில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் நின்றால்தான் சிக்கல். அப்படி ஒரு நாள் வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஜோடி மீன் அதையும் நடத்திக் காட்டியது.

மீன் என் மகளுடையது. அவளை நான் மிளகாய் என்றுதான் கூப்பிடுவேன். குழந்தையாக இருந்தபோது செல்லமாக வைத்த பெயர், பதிமூன்று வயதில் எச்சரிக்கைப் பலகையாக மாறிவிட்டது. விவாகரத்தின்போது, "யாரோட இருக்கேம்மா?" என்று அவளைக் கேட்டார்கள். "மீன் எங்க இருக்கோ அங்க" என்றாள். மீன் அவர் வீட்டு உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இருந்தது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள், பெருசு, சிறுசு என்று பெயர். பெற்று வளர்த்த நான் விரல் நீள மீன்களிடம் தோற்றுப்போனேன். சனி ஞாயிறு மட்டும் வருவாள், விருந்தாளி மாதிரி பையை மடியில் வைத்துக்கொண்டே உட்காருவாள்.

இப்போது அவருக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருந்தது. வீட்டைக் காலி செய்கிறார். மிளகாய் எங்கே போவது? ஒன்று நான், இல்லையென்றால் அவருடைய அக்கா. என்னைத் திட்டுவதற்காகவே தினமும் பல் துலக்குகிறவள் அந்த அக்கா. "தொட்டியை என் வீட்டுல வைக்கச் சொல்லு, பொண்ணையும் அனுப்பு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள். அவரும், "மீன் உன்னுது, தொட்டி என்னுது, தொட்டி அக்கா வீட்டுக்குத்தான் போகும்" என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார்.

மிளகாய் எனக்குப் போன் செய்தாள். "உன் வீட்டுல உப்புத் தண்ணித் தொட்டி இருந்தா வரேன். சரியான தொட்டி. மீனை விட்டா சாகக் கூடாது. இல்லேன்னா அத்தை வீட்டுக்குப் போயிடுறேன்."

"தொட்டி இருக்கும்" என்றேன்.

இவரிடம் சொன்னேன். இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்ள வருகிறவர்களைப் பார்த்து நாள் முழுக்க "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்தி, வீட்டில் உப்பு கேட்டால்கூடக் கத்தித்தான் கேட்பார். ஆனால் மிளகாய் வந்து எங்களோடு இருக்க வேண்டும் என்பதில் என்னைவிட இவருக்கு வீம்பு அதிகம். பாசம் என்று சொல்லமாட்டேன். அவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். என் தேவைக்கு அதுவும் போதும் என்று இருந்தேன்.

விஷயம் அவர் காதுக்குப் போனதும் எனக்குப் போன் வந்தது. "உன் ஆளுக்குச் சொல்லு. புதுத் தொட்டி பழக வாரக்கணக்கா ஆகும். என் தொட்டியிலேர்ந்து ரெண்டு கல்லு தரேன். மீன் அழுக்கைத் தின்னுற கிருமி அதுல குடியிருக்கு. போட்டா சீக்கிரம் ரெடியாயிடும். இல்லேன்னா மனுஷன் முழிச்சுக்கிட்டு நிப்பாரு." உதவிக்குள்ளேயே ஒரு ஊசியைச் செருகித் தருவது அவருக்குக் கைவந்த கலை.

இவரிடம் சொன்னதுதான் தாமதம். "அவன் கிருமி என் வீட்டுக்கு வேணாம்!" என்றார். "எனக்குக் கடையில கல்லு கெடைக்காதா? சுத்தமான காஞ்ச கல்லு வாங்கி, ஒண்ணுமில்லாததுலேர்ந்து ஆரம்பிச்சுக் காட்டுறேன்."

கிருமிக்குக்கூட முதல் புருஷன், இரண்டாவது புருஷன் என்று பார்க்கும் வீடு உலகத்தில் வேறெங்கும் இருக்காது.

ஹாலில் சோபா இருந்த இடம் தொட்டிக்குப் போனது. சோபா படுக்கையறைக்குப் போனது, படுக்கையறையில் நடக்க இடமில்லாமல் நான் தினமும் முழங்காலில் இடித்துக்கொண்டேன். மீன் கடைக்காரர் குழாய்த் தண்ணீர் ஆகாது என்று சொல்லிவிட்டாராம், கேன் கேனாகத் தண்ணீர் வந்து இறங்கியது. நான் வேலை பார்ப்பது குடிநீர் வாரியத்தில். புகார்ப் பிரிவில் போன் எடுக்கிறேன். ஊரில் உள்ள அத்தனை வாயிலும் விழுந்து எழுந்து சம்பளம் வாங்குகிறவள் வீட்டு மீனுக்கு வாரியத் தண்ணீர் ஆகாதாம்! "தண்ணியில மருந்து நாத்தம் அடிக்குதும்மா" என்று திட்டுகிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் மனப்பாடம். "அது குளோரின்ங்க. கிருமியைக் கொல்றதுக்குப் போடுறது. பயப்படாம குடிங்க." தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

பெரிய டிரம்மில் கேன் தண்ணீரை ஊற்றி, டப்பா உப்பைக் கொட்டி, பம்ப் போட்டுக் கலக்கினார். உப்பளவு பார்க்கும் கருவியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். "இன்னும் கொஞ்சம்" என்பார். போடுவார். "ஐயோ, ஜாஸ்தி" என்பார். தண்ணீர் ஊற்றுவார். ஒருவழியாக அளவு சரியாகி, அடியில் மணல் பரப்பி, கற்களைக் குகை மாதிரி அடுக்கி, தண்ணீரை ஊற்றினால் மணல் கிளம்பித் தொட்டி முழுக்கப் பால் நிறம்.

தண்ணீர் தெளிந்ததும் ஒரு பச்சை இறாலை வலைப்பையில் போட்டு உள்ளே தொங்கவிட்டார்.

"இது எதுக்கு?"

"அழுகுறதுக்கு."

"வீட்டுக்குள்ளயா?"

"இறால் அழுகினா அம்மோனியா வரும். விஷம். அதைத் தின்ன ஒரு கிருமி உருவாகும். அது தின்னுட்டு நைட்ரைட்னு இன்னொரு விஷத்தை விடும். அதைத் தின்ன இன்னொரு கிருமி வரும். அது விடுறது நைட்ரேட், கொஞ்சமா இருந்தா மீன் தாங்கும். இந்த ரெண்டு கூட்டமும் கல்லுலயும் ஃபில்டர் ஸ்பாஞ்சுலயும் குடியேறணும். அதுக்கப்புறம்தான் மீன்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் நாத்தம்தான்."

சொன்ன சொல் தவறாத மனிதர். அந்த நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டம்மாள் கதவைத் தட்டி, "எலி கிலி செத்துக் கெடக்கா பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மீனே இல்லாத தொட்டிக்கு விளக்கும் ஹீட்டரும் பம்பும் ஓடிக்கொண்டிருந்தன. தினமும் காலையில் கார் கழுவுவார், கழுவிவிட்டு வந்து கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்துச் சொட்டு விட்டுக் குலுக்குவார். அம்மோனியாவுக்கு மஞ்சள் வந்தால் நல்லது, பச்சை வந்தால் விஷம். பச்சையாகவே வந்தது. சண்டைகளும் அப்படியே வந்தன. நாற்றத்தைப் பற்றி ஆரம்பித்தால் என் முதல் கல்யாணத்தில் போய் முடியும். "பிடிக்கலேன்னா அவன் கல்லையே கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே" என்பார். "உங்க வீம்புக்கு என் பொண்ணு போயிடப் போறா" என்பேன்.

சனிக்கிழமைகளில் மிளகாய் வந்து தொட்டி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இவரை அவள் எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. சித்தப்பா என்று கூப்பிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள்.

"இது தொட்டியா, சாக்கடையா?"

"சாக்கடை மாதிரி இருந்தாத்தான் தொட்டி ஆகும்னு சொல்லு" என்று இவர் தொட்டியைப் பார்த்துச் சொல்வார்.

"அது எனக்குத் தெரியும்னு சொல்லு."

இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. சொல்ல வேண்டிய வேலைகூட இல்லை, இரண்டு பேருக்கும் காது நன்றாகவே கேட்கும்.

ஆனாலும் தொட்டி பழகத்தான் செய்தது. ஒரு காலையில் அம்மோனியா மஞ்சளுக்கு வந்தது. இவர் குழாயைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தார். அடுத்தது நைட்ரைட். அது கத்தரிப்பூ நிறத்தில் வந்து நாள்கணக்கில் அசையவில்லை. பிறகு மெல்ல வெளுத்தது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் முழுக்கப் போயிருக்கும். அந்தச் சமயம் பார்த்துக் கற்கள் மீதும் கண்ணாடி மீதும் பழுப்பாக ஒரு படலம் வந்து ஒட்டிக்கொண்டது. புதுத் தொட்டிக்கு அது சகஜம், தானாகப் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மிளகாயின் அப்பா மறுநாள் அவளையும் மீனையும் கொண்டுவந்து விடுகிறார் என்று தகவல் வந்தபோது, தொட்டி துருப்பிடித்த மாதிரி நின்றது.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தால் ஹால் மணக்கிறது. தொட்டி பளபளவென்று இருக்கிறது. கற்கள் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

"எப்படி?" என்றார் இவர், கார் கழுவும் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு. "கல்லை எல்லாம் வெளிய எடுத்துத் தேய்ச்சு, மாடியில வெயில்ல காய வெச்சு, மணலை அலசி, ஸ்பாஞ்சைப் பிழிஞ்சு, புதுசா உப்புத் தண்ணி கலந்து ஊத்தினேன். டெஸ்ட்டும் பாத்தாச்சு. அம்மோனியா சைபர். நைட்ரைட் சைபர். நாளைக்கு வந்து பாக்கட்டும் உன் பழைய ஆளு."

நான் வேறு, நாற்றம் போன சந்தோஷத்தில், "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றேன். புத்தி எங்கே போயிருந்ததோ.

மறுநாள் மதியம் அவர் வந்தார். மூடி போட்ட வாளி ஒரு கையில், மிளகாயின் பெட்டி இன்னொரு கையில். "காரை ரோட்டுலயே விட்டிருக்கேன், தொட்டிச் சாமானெல்லாம் டிக்கியில இருக்கு, உடனே அக்கா வீட்டுக்குப் போகணும்" என்றார், உட்காரச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில். இவர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, வாங்க என்று சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு பேரும் ஒரே ஹாலில். நான் அவர் இவர் என்று மனதுக்குள்கூடக் குழம்ப ஆரம்பித்தேன்.

மிளகாய் நேராகத் தொட்டிக்குப் போனாள். வாளியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கப்பில் பெருசையும் சிறுசையும் மொண்டு, கப்பைத் தொட்டி நீரில் மிதக்கவிட்டாள். சூடு சமமாக வேண்டுமாம். பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பில் ஊற்றிப் பழக்க வேண்டுமாம்.

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "கல்லெல்லாம் பளிச்னு இருக்கே. புதுசா?"

"புதுசு இல்ல. நேத்து பிரஷ் போட்டுக் கழுவினேன்" என்றார் இவர்.

"எதுல?"

"குழாய்லதான். வேற எதுல கழுவுவாங்க?"

அவர் கண் கல்லுக்குப் போனது. வாளிக்குப் போனது. மகளுடைய பெட்டிக்குப் போனது. "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்.

அத்தனை வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள் நான். அவர் ஒருத்தரைப் பாராட்டினால், அந்த ஆள் பள்ளத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். என்ன பள்ளம் என்று தேடினேன். தேடவே வேண்டியிருக்கவில்லை, என் குரலிலேயே எனக்குக் கேட்டது. அது குளோரின்ங்க. கிருமியைக் கொல்றதுக்குப் போடுறது.

கல்லில் ஒரு கிருமி மிச்சமில்லை. குழாய்த் தண்ணீரில் செத்தது போக மீதி வெயிலில் காய்ந்திருக்கும். சைபர் காட்டியது உண்மைதான். இறாலும் இல்லை, மீனும் இல்லை, புதுத் தண்ணீர், சைபர் காட்டாமல் என்ன செய்யும்? மீன் உள்ளே போய்த் தின்று கழிக்க ஆரம்பித்தால் அந்த விஷத்தைத் தின்ன ஆளில்லை. சீக்கிரமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அதற்கப்புறம் மிதக்கும்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். சொன்னால், மிளகாய் இந்தக் கப்பையும் இந்தப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு இதே காரில் அத்தை வீட்டுக்குப் போய்விடுவாள். சொல்லாவிட்டால், இன்றைக்கு இங்கே தூங்குவாள். பெட்டியைப் பிரிப்பாள். துணியை அலமாரியில் வைப்பாள். மீனுக்கு என்ன ஆனாலும் பிரித்த பெட்டியை மறுபடி கட்டுவது அவ்வளவு சுலபம் இல்லை. இதையெல்லாம் நான் நிதானமாக, கணக்காகவே யோசித்தேன். மிளகாய் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு கரண்டி. அவர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"பழகிடுச்சு. விடப்போறேன்" என்று அவள் கப்பைச் சாய்த்தாள்.

"விடாதே!" என்று கத்திவிட்டேன். "கல்லு செத்த கல்லு. குழாய்த் தண்ணியில கழுவியிருக்கு. மீன் செத்துடும்."

இவர் பாய்ந்தார். "நேத்து நல்லா இருக்குன்னு சொன்னே! எல்லாம் சைபர்! வேணும்னா இப்பவே டெஸ்ட் எடுக்கட்டுமா?"

"ஒண்ணுமே இல்லாத தண்ணியில என்னத்தைக் காட்டும்? மீனைத் தின்னவிட்டு அப்புறம் எடுங்க பாப்போம்!"

"இவன் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தணும்னே சொல்றே!"

"மரியாதையாப் பேசுங்க. அவன் இவன்னா நடக்கிறதே வேற" என்றார் அவர்.

"என் வீட்டுல நின்னுக்கிட்டு என்னையே மிரட்டுறியா? என்னய்யா நடக்கும்?"

"அப்பா." மிளகாய் கப்பை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள். "உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"எது?"

"கல்லைக் குழாய்ல கழுவினா என்ன ஆகும்னு."

"எனக்கெப்படிம்மா தெரியும், அவங்க எப்படிக் கழுவினாங்கன்னு..."

"குழாய்லன்னு இப்பத்தான் சொன்னாரு. நீங்கதான் கேட்டீங்க. சின்ன வயசுல நான் ஒரு கல்லைக் குழாய்ல காட்டப்போனேன்னு கையிலயே அடிச்சீங்க. ஞாபகம் இருக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவுவேன் என்று எந்த நம்பிக்கையில் பார்த்தாரோ. "ரெண்டு நாள்ல உனக்கே புரிஞ்சிருக்கும்மா. அத்தை வீட்டுல எல்லாம் ரெடியா இருக்கு, அங்க போயிருப்பே. உன் நல்லதுக்குத்தான்..."

"பெருசு சிறுசுக்கு?"

அவர் மறுபடி காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். இவருக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். வெள்ளைக் கற்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரை அப்படிப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை.

மிளகாய் மீன்களை வாளிக்குத் திருப்பினாள். கையை நீட்டினாள். "கார் சாவி குடுங்க. கல்லு டிக்கியிலதான் இருக்கு, நான்தான் கட்டி வெச்சேன்."

"அது அக்கா வீட்டுத் தொட்டிக்கு..."

"அத்தை வீட்டுல மீனே இருக்காது. கல்லு எதுக்கு?"

சாவியை வாங்கிக்கொண்டு போனாள். ஈரக் காகிதம் சுற்றிய கற்களையும் அவர் தொட்டி ஸ்பாஞ்சையும் பிளாஸ்டிக் டப்பில் அள்ளிக்கொண்டு மூச்சு வாங்க வந்தாள். ஊதாவும் பழுப்புமாக, அழுக்குப் பிடித்த, உயிருள்ள கற்கள். வாசலில் இவர் நின்றிருந்தார். அவள் நிற்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. இவர் நகர்ந்து வழி விட்டார். அன்றைக்கு இவரால் முடிந்தது அவ்வளவுதான்.

வெள்ளைக் கற்களை வெளியே எடுத்துப் போட்டுவிட்டுப் பழையதை அடுக்கினாள், பழைய ஸ்பாஞ்சையும் ஃபில்டரில் சொருகினாள். அப்பாவிடம் சாவியைத் திருப்பிக் கொடுத்து, "போய் எறங்கினதும் போன் பண்ணுங்க" என்றாள். கட்டிப்பிடிக்கவில்லை. அவர் படியில் இறங்கும்போது மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது, அவளுக்கும் கேட்டிருக்கும். இவர், பாடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பாடம் எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

மீன்கள் தொட்டிக்குள் போயின. பெருசு ஒவ்வொரு கல்லாக முட்டிப் பார்த்து இடம் பிடித்தது, சிறுசு அதன் வாலுக்குப் பின்னாலேயே ஓடியது. மிளகாய் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி இன்னும் வாசல் பக்கத்திலேயே இருந்தது. நான் அதைத் தூக்கி உள்ளே வைக்கப் போனேன். என் மகள் என் வீட்டில் இருக்கிறாள், ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"நீ உடனே சொல்லலம்மா" என்றாள், திரும்பாமல்.

"என்னடி?"

"குழாய்லன்னு சொன்னதுமே உன் மூஞ்சி மாறிச்சு. தொட்டிக் கண்ணாடியில தெரிஞ்சுது. அப்புறம்தான் நான் தண்ணி ஊத்த ஆரம்பிச்சேன், ரெண்டு பேர்ல யாராவது வாயைத் திறக்கிறீங்களான்னு பாக்க. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே நின்னே. கப்பைச் சாய்க்கிற வரைக்கும் நின்னே."

பொய் சொல்ல வாய் வந்தது. இந்தப் பெண்ணிடம் அது எடுபடாது.

"சொன்னா நீ போயிடுவேன்னு பயந்தேன். மீன் போனாலும் பரவால்ல, நீ இங்க இருந்தாப் போதும்னு நெனச்சேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இதைவிடப் பெரிய பாசம் எவளிடம் இருக்கும் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியது.

மிளகாய் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பாவும் அதையேதான் நெனச்சிருப்பாரு" என்றாள். பிறகு எழுந்து வந்து, என் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.